நாற்காலி இருக்கிறது, வேலை கொடுங்கள்!

இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் பில்டன் என்று ஒரு கிராமம். அங்கே வொர்த்தி ஃபார்ம் என்றொரு பால் பண்ணை. மற்ற நாள்களில் மாடு மேயும் அந்த நிலத்தில், ஜூன் மாதக் கடைசியில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் டென்ட் அடித்துத் தங்குகிறார்கள். ஐந்து நாள்கள், நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகள். அதுதான் கிளாஸ்டன்பரி இசை விழா.

1970 செப்டம்பரில் பண்ணைக்காரர் மைக்கேல் ஈவிஸ் இதைத் தொடங்கியபோது டிக்கெட் ஒரே ஒரு பவுண்டு. வந்தவர்களுக்குப் பண்ணைப் பால் இலவசம்! 2025-ல் டிக்கெட் விலை 373 பவுண்டு 50 பென்ஸ். அப்படியும் விற்பனை தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் தீர்ந்துபோனது. பால் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

இத்தனை கூட்டத்தையும் வாசலில் நின்று டிக்கெட் பார்த்து உள்ளே அனுப்புவது, வழி சொல்வது, தொலைந்த பிள்ளையை அம்மாவிடம் சேர்ப்பது எல்லாம் யார் வேலை? சம்பளத்துக்கு வந்த செக்யூரிட்டிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பளிச்சென்ற ஜாக்கெட் போட்ட ஸ்டூவர்டுகள். கோயில் திருவிழாவில் கயிறு பிடித்து வரிசையை ஒழுங்குபடுத்தும் இளைஞர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அந்த வேலைதான். இவர்களில் பலர் தன்னார்வலர்கள்.

ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனம் 1993-லிருந்து கிளாஸ்டன்பரிக்கு இப்படி ஸ்டூவர்டுகளை அனுப்புகிறது. ஏற்பாடு எளிமையானது. 18 வயது நிரம்பியவர்கள் விண்ணப்பிக்கலாம். ஏறக்குறைய டிக்கெட் விலை அளவுக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான மூன்று ஷிப்டுகளை ஒழுங்காக முடித்தால் பணம் திரும்பி வந்துவிடும். ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் பாட்டுக் கேட்கலாம். இவர்களின் உழைப்புக்கு விழா நிர்வாகம் தரும் தொகை ஆக்ஸ்ஃபாமின் நிவாரணப் பணிகளுக்குப் போகிறது.

நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று ஷிப்டும் நிற்க முடியாதவர் என்ன செய்வது?

இசை விழாவுக்கு வரும் மாற்றுத்திறனாளிகளுக்கு இன்று பிரிட்டனில் நிறைய வசதிகள் உண்டு. கூட்டத்துக்கு மேலே மேடை தெரியும்படி சரிவுப்பாதையோடு கட்டிய பார்வையாளர் மேடைகள், தனி முகாம், சக்கர நாற்காலியின் பேட்டரிக்கு சார்ஜ் போடும் இடம், இன்சுலின் மாதிரி மருந்துகளை வைக்க ஃபிரிட்ஜ், துணைக்கு வருபவருக்கு இலவச டிக்கெட், சைகை மொழி பெயர்ப்பாளர்கள். பெரியவர்களைத் தூக்கி மாற்றும் இயந்திரமும் படுக்கைப் பலகையும் உள்ள கழிப்பறைகளைக்கூடச் சில விழாக்களில் பார்க்கலாம்.

இதெல்லாம் தானாக முளைக்கவில்லை. 2000-ல் 'ஆட்டிட்யூட் இஸ் எவ்ரிதிங்' என்ற சிறு திட்டத்தைத் தொடங்கினார் சுசான் புல். அவரும் மாற்றுத்திறனாளி, இசைப் பைத்தியம். கச்சேரி அரங்குகளுக்கும் விழாக்களுக்கும் இன்னின்ன வசதி இருந்தால் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுத்தார்கள். அந்த நிறுவனம் செய்த கெட்டிக்காரத்தனமான காரியம், வசதிகளைச் சரிபார்க்க நிபுணர்களை மட்டும் நம்பாமல் மாற்றுத்திறனாளி ரசிகர்களையே அனுப்பியது. அவர்கள் சாதாரண ரசிகரைப் போலக் கச்சேரிக்குப் போவார்கள். 'கழிப்பறை இருந்தது, ஆனால் உள்ளே பீர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்' என்ற ரகத் தகவல்களோடு திரும்பி வருவார்கள். இதுவும் தன்னார்வப் பணிதான். ஐந்து நாள் சேற்றில் கிடக்க உடம்பு இடம் கொடுக்காதவர்களும் ஒரு சாயங்காலம் போய்ச் செய்துவிடலாம்.

ஆனால் பார்க்க வருகிறவருக்கு வசதி செய்வது ஒன்று, வேலை செய்ய வருகிறவருக்கு வசதி செய்வது வேறு. முதலாவதை உலகம் மெதுவாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. இரண்டாவதை யோசிக்கவே பலருக்குத் தோன்றவில்லை. சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அவர் உதவி பெற வந்தவர் என்பது எல்லோர் மனதிலும் ஊறிப்போன கணக்கு. ஜாக்கெட் போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாலும், 'உங்களோடு வந்தவர் எங்கே? தொலைந்துவிட்டாரா?' என்று குனிந்து விசாரிப்பார்கள். விசாரிப்பவருக்கே கழிப்பறைக்கு வழி தெரியாது; அதைச் சொல்லத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்!

இன்னொரு ரகமும் உண்டு. 'நீங்கள் இந்த நிலையிலும் வந்து வேலை செய்கிறீர்களே, எங்களுக்கெல்லாம் முன்மாதிரி' என்று கண்கலங்குபவர்கள். ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஸ்டெல்லா யங், பிறவியிலிருந்தே எலும்பு நோயோடு வாழ்ந்தவர், 2014-ல் சிட்னியில் நடந்த டெட் மேடையில் இதைத்தான் கிழித்துத் தொங்கவிட்டார். மற்றவர்களுக்கு உற்சாகம் ஊட்டுவதற்காகத் தான் பிறக்கவில்லை என்பது அவர் வாதம். டிக்கெட்டைப் பார்த்துக் கையில் பட்டை கட்டிவிடுவது சாதனை அல்ல, வேலை. மற்ற ஸ்டூவர்டுக்குச் சொல்லும் 'தேங்க்ஸ்' போதும்.

சரி, வேலைக்கு வருவோம். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது.

பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010-ல் வந்தது. ஒரு நிறுவனத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தால், அவருக்கு ஏற்றபடி நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுக்க முதலாளி கடமைப்பட்டவர். டிக்கெட் வாங்கிய ரசிகருக்கும் அதே சட்டம் வேறொரு பிரிவில் துணை நிற்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர் தன்னார்வலர். சட்ட ஆலோசனை தரும் ஒரு தொண்டு அமைப்பில் சம்பளமில்லாமல் பணிசெய்த ஒரு பெண், மாற்றுத்திறனாளி என்பதால் தன்னை விலக்கிவிட்டதாக வழக்குப் போட்டார். பெயர் வெளியாகாமல் இருக்க 'எக்ஸ்' என்றே குறிப்பிட்டார்கள். 2012 டிசம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: ஒப்பந்தம் இல்லாத தன்னார்வலருக்கு, வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டப் பாதுகாப்பு பொருந்தாது.

ஆக, வேலை கொடுப்பவர் மனசு வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை.

பண விஷயத்திலும் இதே கதை. 'ஆக்சஸ் டு வொர்க்' என்ற அரசுத் திட்டம், வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிக்குச் சைகை மொழி பெயர்ப்பாளர், சிறப்புக் கருவி, போக்குவரத்து போன்ற செலவுகளுக்கு உதவுகிறது. தன்னார்வப் பணிக்கு அது கிடையாது. காது கேளாத ஒருவர் ஸ்டூவர்டாக வந்தால், பெயர்ப்பாளர் செலவை அந்தத் தொண்டு நிறுவனமே ஏற்க வேண்டும். பெரிய நிறுவனம் ஏற்கலாம். சின்ன ஊரில் நடக்கும் ஒருநாள் நாட்டுப்புற இசை விழா எங்கே போகும்?

இன்னொரு பயம், வெளியே அதிகம் பேசப்படாதது. அரசு உதவித்தொகையில் வாழும் மாற்றுத்திறனாளிகள் பலர், 'விழாவில் வேலை செய்ய முடிகிறது என்றால் ஆபீஸ் வேலைக்கும் போகலாமே' என்று அதிகாரிகள் கேட்டுவிடுவார்களோ என்று தயங்குகிறார்கள். செலவுக் காசு தவிர வேறெதுவும் வாங்காமல் தன்னார்வப் பணி செய்ய உதவித்தொகை தடையில்லை என்றுதான் விதி சொல்கிறது. ஆனால் விதியைப் படித்தவுடன் பயம் போய்விடுமா? வருடத்தில் மூன்று நாள் செய்யும் வேலைக்கும், அதற்குப் பிறகு பத்து நாள் படுக்கையில் கிடப்பதற்கும் உள்ள தொடர்பு எந்த விண்ணப்பக் கட்டத்திலும் அடங்காது.

இந்தக் களைப்புக் கணக்கைப் புரியவைக்க ஒரு நல்ல வழி உண்டு. அமெரிக்காவின் கிறிஸ்டின் மிசராண்டினோ, லூபஸ் நோயோடு வாழ்பவர், தன் தோழிக்கு விளக்குவதற்காக மேஜையிலிருந்த ஸ்பூன்களை அள்ளிக் கொடுத்தார். காலையில் எழுந்து குளிக்க ஒரு ஸ்பூன், சமைக்க ஒரு ஸ்பூன், வெளியே போக ஒரு ஸ்பூன் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். ஸ்பூன் தீர்ந்தால் அன்றைய நாள் தீர்ந்தது. இதை அவர் 2003-ல் எழுதினார். நாள்பட்ட நோயுள்ள பலர் இன்றும் 'எனக்கு இன்றைக்கு ஸ்பூன் இல்லை' என்றே பேசிக்கொள்கிறார்கள்.

இசை விழாவில் ஸ்பூன்கள் எங்கே செலவாகின்றன? பலர் நினைப்பதுபோல ஷிப்டில் அல்ல. டென்டிலிருந்து வேலை செய்யும் வாசலுக்குப் போய்ச் சேர்வதில்! கிளாஸ்டன்பரி ஆயிரம் ஏக்கரையொட்டிய நிலம். மேடும் பள்ளமுமான களிமண். மழை பெய்தால் என்னவாகும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டைக் கேட்டால் போதும். அவ்வளவு சேற்றைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்ற அளவுக்கு ஈவிஸே நொந்துபோனார். முக்கியப் பாதைகளில் இரும்புத் தகடு பதிப்பார்கள். அதை விட்டு இறங்கினால் பேட்டரி நாற்காலி தன் எடையாலேயே புதையும். எட்டு மணி நேர ஷிப்டைச் சமாளிக்கத் தெம்புள்ளவர்கூடப் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று சேற்றில் போராடினால் இரண்டாம் நாளே சுருண்டுவிடுவார். அதனால் 'எந்த வாசல்?' என்ற கேள்வி, 'எத்தனை மணி நேரம்?' என்ற கேள்வியைவிடப் பெரியது. டென்டுக்குப் பக்கத்து வாசலைக் கொடுத்தால் பாதிப் பிரச்னை அங்கேயே முடிந்தது. இதற்கு யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

ஆனால் அதைக் கேட்டால்தானே கிடைக்கும்? விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கும். உடல்நலம் பற்றி, தேவைகள் பற்றிச் சொல்லுங்கள் என்று. அந்தக் கட்டத்தின் முன்னால்தான் பலர் விரலை வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். எழுதினால் ஒதுக்கிவிடுவார்களோ? எழுதாமல் விட்டால் ராத்திரி ஷிப்ட், கடைக்கோடி வாசல் விழுந்துவிடுமோ? மேலே சொன்ன தீர்ப்பின் பின்னணியில் பார்த்தால் இந்தத் தயக்கம் பொய்யில்லை.

எழுதுவதே மேல். அதிலும் நோயின் பெயரை எழுதுவதைவிடத் தேவையை எழுதுவது நல்லது. 'எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்று எழுதினால், ஆள் ஒதுக்கும் பொறுப்பாளர் கூகுளில் தேடி மிரண்டுபோவார். 'உடம்பு சூடானால் கால் ஒத்துழைக்காது. நிழலும் நாற்காலியும் வேண்டும். மதியம் 12 முதல் 3 வரை வேண்டாம். மற்ற நேரம் எந்த வேலையும் சரி' என்று எழுதினால், அவர் அட்டவணையை எடுத்துக் காலை ஷிப்டில் பெயரைப் போட்டுவிடலாம். உடம்பு தடையல்ல, சுற்றியிருக்கும் ஏற்பாடுதான் தடை என்று பிரிட்டனில் மாற்றுத்திறனாளி அமைப்புகள் 1970-களிலிருந்தே பேசிவருகிற கருத்தின் நடைமுறை வடிவம் இது.

தேவைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதையும் சொல்ல வேண்டும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்குப் பகல் ஷிப்ட் சுலபம். ராத்திரியில் வாசலில் நல்ல விளக்கில்லாவிட்டால் எதிரில் நிற்பவர் பேசுவது தெரியாது. வாக்கிடாக்கியும் அவருக்கு உதவாது. அதை ஜோடியாக நிற்பவர் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டிசம் உள்ளவர் என்றாலே சத்தம் ஆகாது என்று முடிவு கட்டுவதும் தப்பு. சிலருக்கு ஒலிபெருக்கி பிரச்னையே இல்லை. திடீரென்று ஒருவர் வந்து 'நீ அந்தப் பக்கம் போ' என்று இடத்தை மாற்றுவதுதான் தாங்காது. அவருக்கு வேண்டியது முதல் நாளே எழுதிக் கொடுத்த ஒரு தாள். நீரிழிவுக்காரருக்குச் சாப்பாட்டு இடைவேளை 'கூட்டம் குறைந்ததும்' என்று இருக்கக் கூடாது. மணி அடித்தால் கிடைக்க வேண்டும்.

வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதல் தலைவலி உண்டு. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் இளைஞர் ஷிப்டில் உட்கார்ந்திருந்தால், சக தொண்டர்களே முறைப்பார்கள். இதற்காகத்தான் பச்சை நிறத்தில் சூரியகாந்திப் பூப்போட்ட கழுத்துப்பட்டை ஒன்று வந்தது. 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய வழக்கம் பிறகு கடை, ரயில், கச்சேரி என்று பரவியது. அதை மாட்டியிருப்பவரிடம் 'உனக்கு என்ன நோய்?' என்று கேட்கக் கூடாது, 'ஏதாவது வேண்டுமா?' என்று கேட்டால் போதும். போட்டுக்கொள்வதும் போடாததும் அவரவர் விருப்பம்.

நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்டூவர்டு வெறும் வழிகாட்டி இல்லை. தீப்பிடித்தால், தள்ளுமுள்ளு வந்தால் கூட்டத்தை வெளியேற்றுவதில் அவருக்குப் பங்கு உண்டு. நெரிசல் மிகுந்த மேடை முகப்பில் சக்கர நாற்காலிக்காரரை நிறுத்துவது அவருக்கும் ஆபத்து, கூட்டத்துக்கும் ஆபத்து. இதை மறைத்துப் பேசுவது யாருக்கும் உதவாது. ஆனால் மேடை முகப்பு ஒன்றுதான் விழாவா? வாசல், தகவல் கூடாரம், முகாம் வரவேற்பு, மாற்றுத்திறனாளி பார்வையாளர் மேடை, தொலைந்த பொருள் பிரிவு என்று இருபது இடங்கள் இருக்கின்றன. 'இந்த இடம் சரிப்படாது' என்பது பேச்சு. 'இந்த ஆள் சரிப்படாது' என்பது புறக்கணிப்பு. பாதுகாப்பு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவிவிடுபவர்கள் நிறைய.

சொல்லப்போனால், சில இடங்களில் மாற்றுத்திறனாளி ஸ்டூவர்டுதான் கெட்டிக்காரர். 'ஆட்டிட்யூட் இஸ் எவ்ரிதிங்' சேர்க்கும் தன்னார்வலர்கள் கிளாஸ்டன்பரி போன்ற விழாக்களில் மாற்றுத்திறனாளி முகாமிலும் பார்வையாளர் மேடைகளிலும் பணிசெய்திருக்கிறார்கள். அங்கே வரும் ரசிகர், 'மேடை வரை தூரம் எவ்வளவு?' என்று கேட்டால், நடப்பவர் 'பக்கம்தான், ஐந்து நிமிஷம்' என்பார். சக்கர நாற்காலியில் இருப்பவர், 'நடுவில் ஒரு ஏற்றம் இருக்கிறது, கைநாற்காலி என்றால் தள்ள ஆள் வேண்டும், பேட்டரி பாதிக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டுப் போங்கள்' என்பார். எந்தப் பதில் உபயோகம் என்று கேட்டவருக்குத் தெரியும்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் சில விஷயங்களை முன்கூட்டியே, எழுத்தில், கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. உதவியாளரோடு வருவதென்றால் அவருக்கு அனுமதி உண்டா, அவருக்கும் முன்பணம் கட்ட வேண்டுமா? உடம்பு முடியாமல் ஒரு ஷிப்ட் தவறினால் முன்பணம் போய்விடுமா? ஷிப்டைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தருவார்களா? தன்னார்வலர்கள் தங்கும் முகாமில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா, இல்லை ரசிகர்கள் பகுதி வரை போக வேண்டுமா? கிளாஸ்டன்பரிக்குப் பக்கத்து ரயில் நிலையம் காசில் கேரி. அங்கிருந்து விழாத் திடலுக்குப் பேருந்து விடுகிறார்கள். நாற்காலி ஏறக்கூடிய பேருந்து எப்போது வரும் என்பதையும் கிளம்புமுன் கேட்டுவிட வேண்டும்.

முன்பணக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகப் படிக்க வேண்டும். நோய் முற்றித் தவறிய ஷிப்டையும், பாட்டுக் கேட்கப் போய்த் தவறிய ஷிப்டையும் ஒரே தட்டில் வைக்கும் அமைப்பென்றால், முந்நூற்றுச் சொச்சம் பவுண்டை அங்கே கட்டுவதற்கு முன் வேறு விழாவைப் பார்க்கலாம். கோடை முழுவதும் பிரிட்டனில் வாராவாரம் எங்காவது ஒரு விழா நடந்துகொண்டேதான் இருக்கிறது. எல்லாமே கிளாஸ்டன்பரி அளவுக்குப் பெரிதில்லை. எல்லாமே களிமண்ணும் இல்லை. முதல் தடவை போகிறவர், தார்ச்சாலையும் கூரையும் உள்ள ஒரு நகர விழாவில் ஒரே ஒரு நாள் ஷிப்ட் எடுத்துப் பார்க்கலாம். தன்னிடம் எத்தனை ஸ்பூன் இருக்கிறது என்று அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.